செம்புத் தகடும் ஒற்றை ஒயரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் காலத்தில் நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். லாரிக்கு ஒயரிங் பண்ணுவது என் தொழில். செல்ஃப் எடுக்கவில்லை, டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, ஹாரன் கத்தவில்லை என்று வருகிறவர்கள் அவசரப்படுத்தினால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். அவசர வேலை அரை வேலை என்று பெரிய பேச்சும் பேசுவேன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை, யாரும் அவசரப்படுத்தாமலேயே அவசரப்பட்டேன். அதில் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும்.

எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது இது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிக் முதலாளியின் தோட்டம். போர்வெல் வண்டியோடு அவர் வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பார். தோட்டத்து வீட்டில் இருந்தது அவர் மனைவியும் ஒரே மகளும். மகளுக்கு அப்போது இருபது வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. அக்குளில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். தினமும் ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் கைகால் அசைத்தால் இடுப்பும் நல்ல காலும் பலப்படும் என்று சேலத்தில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். கிணற்றுப் படியில் இறங்கி ஏற அவளால் ஆகுமா? அதனால் அப்பா தோட்டத்திலேயே ஒரு நீச்சல்குளம் கட்டிவிட்டார். தண்ணீர்க் குழாய், கைப்பிடி, இறங்குகிற ஏணி எல்லாமே போர்வெல்லுக்குள் இறக்குகிற இரும்புக் குழாயை வெட்டி ஒன்றோடொன்று வெல்டு வைத்ததுதான். அந்தக் குழாய்க்கு அவரிடம் பஞ்சமா என்ன?

குளம் கட்டியது பெரிதில்லை. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. நம் பக்கத்து வெயிலில் ஒரு வாரம் விட்டால் பச்சைப் பாசி கட்டிவிடும். ஊர்க் கிணற்றுக்குப் பஞ்சாயத்து ஆள் வந்து பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசுவாரே, அதே மாதிரி இந்த அம்மாளும் முறத்தில் அள்ளி வீசியிருக்கிறார். பாசி போனது. மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. கண் சிவந்து, மூச்சு வாங்கி, தண்ணீரைக் கண்டாலே பயப்படும்படி ஆகிவிட்டது. சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன்தான் இதைக் கேள்விப்பட்டு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்தனுப்பினார். பெட்டியின் மேல் அயனைசர் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மூன்று மாதம் நன்றாக வேலை செய்ததாம். பிறகு ஒரு நாள் சாயங்காலம், சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் நின்றதும் வோல்டேஜ் எகிறியதில் உள்ளே புகைந்துவிட்டது.

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் என் பட்டறைக்கு வந்தார் அந்த அம்மாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். காலில் செருப்பில்லை. வெயிலில் கொதிக்கிற மண்ணில் நின்றுகொண்டு, "ஏனுங் தம்பி, இதைய உங்களால பாக்க முடியுமுங்களா? சேலத்துல ரெண்டு பேரு கையை விரிச்சுட்டாங்க" என்றார்.

இரண்டு பேர் கையை விரித்தார்கள் என்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரிய மாயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வருகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் எதிரும் புதிருமாக இரண்டு செம்புத் தகடுகள். செம்பில் கொஞ்சம் வெள்ளியும் கலந்திருக்கும். பெட்டியிலிருந்து மெல்லிய பேட்டரிக் கரண்டு மாதிரி ஒன்று தகடுகளுக்குப் போகும். அப்போது செம்பும் வெள்ளியும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைந்து தண்ணீரில் சேரும். செம்பு பாசியைப் பிடிக்கவிடாது, வெள்ளி கிருமியை அடக்கும். பிளீச்சிங் பவுடர் பேருக்கு ஒரு பிடி போட்டால் போதும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் தகடு சீக்கிரம் வெள்ளை பூத்துவிடும் என்பதால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றிவிட ஒரு ரிலே இருந்தது. மாற்றும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

எரிந்துபோனது உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர். ரிலேயும் கருகியிருந்தது. "இதென்னுங்க்கா பெரிய சமாச்சாரம், லாரி ரிலே ஒன்னு போட்டு, டிரான்ஸ்பார்மர் காயிலையும் நானே சுத்தி, நாளன்னிக்கே ஓட்டிக் காட்டுறனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நாள் குறிக்கவே இல்லை. நானேதான் குறித்தேன்.

இந்த இடத்தில் என் யோக்கியதையை விவரமாகச் சொல்லிவிட வேண்டும். டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுற்று உண்டு. ஒன்றில் வீட்டுக் கரண்டு வரும், இன்னொன்றிலிருந்து தகட்டுக்குச் சின்னக் கரண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் காகிதம் நாலு மடி வைத்து, முழுசாக வார்னிஷில் முக்கி, மூன்று நாள் காயவிட வேண்டும். அந்தக் காகிதமும் வார்னிஷும்தான் வீட்டுக் கரண்டு குளத்துத் தண்ணீருக்குள் இறங்காமல் தடுக்கிற ஒரே சுவர். நான் இடம் பற்றவில்லை என்று காகிதத்தை இரண்டு மடியோடு நிறுத்தினேன். வார்னிஷில் முக்கிய காயிலை ஒரு மத்தியானம் நூறு வாட்ஸ் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, காய்ந்துவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். தொட்டால் விரலில் லேசாக ஒட்டியது. ஒட்டியது எனக்குத் தெரியும்.

தோட்டத்துக்குப் போய் மாட்டும்போது இன்னொன்று நடந்தது. பிளாஸ்டிக் கூடு வெயிலில் நைந்திருந்தது, கழற்றும்போது பிளந்துவிட்டது. ஒரு தகட்டின் ஒயர் முனையும் முறிந்தது. திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் நாளன்னிக்கு என்று சொன்ன வாய் என்னுடையது ஆயிற்றே. இரண்டு தகட்டையும் சேர்த்து ஒரு தேக்குப் பலகையில் முடுக்கி, தண்ணீர் வந்து விழுகிற மூலையில், குளத்துக்குள்ளேயே தொங்கவிட்டேன். இரண்டுக்கும் ஒரே ஒயர். அப்படியானால் இன்னொரு ஒயர்? லாரியில் எந்த விளக்குக்கும் ஒரு ஒயர்தான் போகும். திரும்பி வருகிற வழி லாரியின் இரும்பு உடம்பு. பாடி எர்த் என்போம். பத்து வருடமாக அதே வேலை செய்த கை, யோசிக்காமல் இரண்டாவது ஒயரைக் கொண்டுபோய் இரும்புக் குழாயில் முடுக்கிவிட்டது. குழாயோடு ஏணியும் கைப்பிடியும் சேர்ந்தே இருந்தன. லாரியில் யாரும் தண்ணீருக்குள் முங்கியபடி பம்பரைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. கூடவே, கொஞ்சம் தாராளமாகப் போகட்டும் என்று வோல்டேஜையும் ஏற்றி வைத்திருந்தேன்.

பத்தே நாளில் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. அடியில் கிடந்த ஒரு ஹேர்பின் கூடத் தெரிகிறது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேலத்துக்காரர்களால் முடியாததை முடித்தவன் என்று டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பக்கத்து டயர் கடைக்குப் போன் வந்தது, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். அந்த அம்மாள்தான். "தம்பி, வெரலு அசையுதுங்க. எங்கண்ணு கால் வெரலு அசையுதுங்க. உங்க மிசினு தண்ணியில எறங்குனாத்தான் அசையுது. வெள்ளிக்கிழமை ஊட்டுக்கு வாங்க. நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகோணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செம்புக்கு அப்படி ஒரு குணம் இருக்கலாம் என்று கூட நினைத்தேன். நாலு நாள் அந்த நினைப்போடு திரிந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன்.

போய்ச் சேரும்போது பதினோரு மணி. பெண் குளத்தில் இருந்தாள். ஏணியின் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குப்புற மிதந்தபடி, கால்களைப் பின்னால் நீட்டியிருந்தாள். கால் நீண்டிருந்த பக்கத்தில்தான் என் தேக்குப் பலகை தொங்கியது. கரையில் அவளுடைய கைக்கடிகாரம் கிடந்தது. அம்மா என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கரையில் நிறுத்தினார்.

"சித்த நில்லுங்க தம்பி. இப்ப அசையும் பாருங்க. காலையே பாருங்க."

பார்த்தேன். என் பெட்டி இருந்த பக்கத்து மோட்டார் ரூம் ஜன்னலிலிருந்து 'டக்' என்று சத்தம் கேட்டது. சூம்பிய காலின் பெருவிரல் சட்டென்று மடங்கி நிமிர்ந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அந்த அம்மாள் கும்பிட்டார்.

விரலுக்கும் ரிலே சத்தத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அவள் பிடித்திருப்பது என் ஒயர் முடுக்கிய இரும்பு. அவள் கால் நீண்டிருப்பது என் தகட்டுப் பக்கம். அந்தப் பெண்ணின் உடம்பு வழியாகத்தான் என் கரண்டு போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக, தினமும் ஒரு மணி நேரம். அது சின்னக் கரண்டு, விரலை இழுக்கிற அளவுக்குத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ஜன்னலிலிருந்து வாடை வந்தது. காயாத வார்னிஷ் சூடேறினால் வருகிற வாடை. காயில் சுற்றும் எந்த வைண்டிங்காரனுக்கும் அது தெரியும். சுற்றுகளுக்கு நடுவில் இருக்கிற சுவர் வெந்துகொண்டிருந்தது. அது உடைந்தால் அடுத்த 'டக்'கில் வீட்டுக் கரண்டு முழுசும் அந்த ஏணிக்கு வந்துவிடும்.

கத்த வாய் வந்தது, கத்தவில்லை. கத்தினால் பயந்துபோய்ப் பெண் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். அம்மா தண்ணீரில் குதித்துப் பெண்ணைத் தூக்கப் போவார். இரண்டும் கூடாது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அம்மிணி, உனக்கு நீச்சல் தெரியுமில்ல? ஏணியை உட்டுட்டு அக்கட்டால நடுவுக்குப் போ பாக்கலாம்" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்ப்பதையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கையை விட்டுவிட்டு, மல்லாந்து, கையாலேயே துழாவி நடுக்குளத்துக்குப் போனாள்.

மோட்டார் ரூம் ஜன்னல் இந்தப் பக்கம், கதவு அந்தப் பக்கம். சுற்றி ஓடினேன். கதவில் பூட்டு தொங்கியது. மிசினை யாராவது தொட்டுவிடப் போகிறார்கள், கண் பட்டுவிடப் போகிறது என்று விரல் அசைந்த நாளிலிருந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். திரும்ப ஓடிவந்தேன். அந்த அம்மாள் அதற்குள் குனிந்து, ஒரு கையால் ஏணிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஈரப் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"என்ன சாமி நடுவுக்குப் போயிட்ட, இக்கட்டால வா, தம்பி இன்னொருக்கா பாக்கட்டும்" என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு படி இறங்கினால் கால் தண்ணீரில்.

"அக்கா! சாவி!"

"எதுக்குங் தம்பி?"

"சாவி குடுங்க்கா. மொதல்ல மேல வாங்க. கம்பியை உடுங்க."

அவர் சிரித்தார். நான் மிசினைக் கும்பிடப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, எது எது என்று ஒவ்வொன்றாக நகர்த்தினார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை. கொத்தோடு பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது சாவி திறந்தது. உள்ளே புகை மெல்லியதாக நின்றது. மெயினை இழுத்துவிட்டு, அது பற்றாமல் ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பம்பு ஓடி அடங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு மடி காகிதத்தில் மேல் மடி கரியாகிவிட்டது. கீழ் மடியில் காசு அளவுக்குப் பழுப்பு. சாயங்காலம் வரை தாங்கியிருக்கலாம். அடுத்த பத்து நிமிடம் தாங்காமலும் போயிருக்கலாம். உண்மையாகவே எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது பெண் திரும்ப ஏணிக்கு வந்து கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகம் வாடியிருந்தது. "தம்பி, மிசினை நிறுத்துனதும் வெரலு நின்னுபோச்சுங்க. மறுக்கா ஓட்டுங்க."

"ஒரு சின்னக் கோளாறுங்க்கா. பாத்துச் சொல்றனுங்க."

"செரி, செரி. நான் போயி எலை போடறேன். ரெண்டு பேரும் வாங்க" என்று வீட்டுக்குப் போனார்.

அவர் வாசல்படி ஏறும் வரை பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "கரண்டுதானுங்ண்ணா?"

நான் அவளுக்கு எதிரில் கரையில் உட்கார்ந்தேன்.

"ஒன்றரை நிமிசத்துக்கு ஒருக்கா. கடிகாரத்தை வெச்சுப் பாத்தனுங்க. அந்தச் சத்தம் கேட்டா அசையுது, கேக்காட்டி அசையறதில்ல. எங்காலு மணி பாத்தா அசையும்? மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா எறங்குன?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்துப்போயிருப்பயே அம்மிணி! உள்ள காகிதம் கருகிக் கிடக்குது. நான் சுத்துன லட்சணம். இன்னைக்கு நான் வரலீன்னா..."

அவள் முகம் வெளிறிவிட்டது. "அது தெரியாதுங்ண்ணா. லேசா சுறுசுறுங்கும், அவ்வளவுதான். சாவுங்கற அளவுக்குத் தெரியாது." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா எறங்கியிருக்க மாட்டேன். ஆனா அம்மாகிட்டச் சொல்லியிருப்பனான்னு தெரியலீங்க."

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள். கால் விழுந்த வருடம் அவள் அம்மா குலசாமிக்கு வேண்டிக்கொண்டாராம். இந்தக் காலில் அசைவு வருகிற வரைக்கும் செருப்புப் போடுவதில்லை, அரிசிச் சோறு தொடுவதில்லை. பதினேழு வருடமாக ராகிக்களியும் கம்பங்கூழும்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததில்லை, சொந்தபந்தம், உறம்பரை வந்தாலும் தனியாகக் களிதான். இன்று காலையில் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பதினேழு வருடம் கழித்து முதல் வாய்ச் சோறு, அதுவும் மிசினை ஓட்டிக் கொடுத்த தம்பியோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று காத்திருந்திருக்கிறார்.

"இன்னைக்கு மட்டும் சொல்லாதீங்ண்ணா" என்றாள். "அம்மா சாப்பிடட்டும். நெம்ப ஆசையா ஆக்கி வெச்சிருக்குது. நாளைக்கு வந்து சொல்லிக்கலாம். இல்லீன்னா சொல்லவே வேண்டாம். ஒயரைச் சரி பண்ணிருங்க. அப்பறம் அசையாட்டி சாமி உட்ட வழின்னு நெனச்சுக்கும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குத் தேனாக இனித்தது. அவள் அம்மாவுக்காகக் கேட்டாள். நான் எனக்காகக் கேட்டுக்கொண்டேன். ஒயரை மாற்றிவிட்டால் என் தப்பு யாருக்கும் தெரியாது. சேலத்துக்காரர்களை வென்றவன் என்ற பெயரும் இருக்கும், சாமியோடு சேர்த்து எனக்கும் ஒரு கும்பிடு கிடைக்கும். "செரி அம்மிணி" என்று சொல்லியும் விட்டேன். அவள் கட்டையை ஊன்றி எழுந்தாள். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அந்த நூறு அடி தூரம் எனக்கு முடியவே இல்லை.

கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது. எனக்கு ஒன்று, எதிரில் அந்த அம்மாளுக்கு ஒன்று. மகள் நான்தான் பரிமாறுவேன் என்று சுவரோரம் சோற்றுக் குண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைச் சோறு, பருப்பு, நெய். அந்த அம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்னப் பிள்ளை மாதிரி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு ஓரமாகச் சோற்றைத் தொட்டார். பருப்பைச் சேர்த்துப் பிசைந்து ஒரு பிடி எடுத்தார்.

"அக்கா, திங்காதீங்க" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. மகள் என்னை முறைத்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனேன். காகிதம், வார்னிஷ், ஒரு ஒயரை இரும்பில் முடுக்கியது, வோல்டேஜை ஏற்றியது, நாளன்னிக்கு என்று வாய் விட்டது, எல்லாம். "சாமியும் இல்லீங்க, செம்பும் இல்லீங்க. உங்க மக காலை இழுத்துட்டிருந்தது நான் பண்ணுன தப்புங்க. இன்னும் சித்த நேரம் போயிருந்தா உங்க மகளே இல்லீங்க. அதை மறைச்சுட்டு உங்க எதுக்கால உக்காந்து என்னால சோறு திங்க முடியாதுங்க."

அந்த அம்மாள் கையிலிருந்த பிடியை இலையில் வைத்தார். "நான் எங்கண்ணால பாத்தனுங்களே தம்பி."

"பாத்தது நெசந்தானுங்க. அசைஞ்சது நெசம். அசைச்சது கரண்டு."

"அப்ப இனி அசையாதுங்களா?"

"அசையாதுங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அந்த அம்மாள் அழுவார், என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இலையைத் தள்ளிவிட்டு, கையை ஊன்றி எழப்போனார். சமையல்கட்டில் களிச்சட்டி இருந்திருக்கும் போல. பதினேழு வருடப் பழக்கம், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அம்மா, உக்காரு" என்றாள் மகள். அதட்டல்தான். இடத்தை விட்டுக் கையாலேயே நகர்ந்து வந்து, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒன்னு சொல்றேன், கேட்டுட்டு எந்திரி. இந்தக் காலுக்காக நான் ஒருநாளும் அழுததில்ல. இது இப்படித்தான்னு எனக்கு எப்பவோ பழகிப்போச்சு. நீ அக்கட்டால போயி ஒளிஞ்சு உக்காந்து களி திங்கறயே, அதைப் பாத்துட்டுத்தான் நான் தெனமும் அழுகறேன். உனக்கு முன்னால உக்காந்து திங்கற சோறு எனக்கு எந்த நாளும் எறங்குனதில்ல."

"இத்தன வருசமா ஏன் சாமி சொல்லல?"

"நீ கேக்கலயேம்மா. கால் வலிக்குதா கண்ணு, கால் வலிக்குதா கண்ணுன்னுதான் கேப்ப. என்னை என்னைக்குக் கேட்ட?"

அந்த அம்மாள் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மகளின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஈரத் தலை, சேலை நனைந்தது. நான் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் இலையை முன்னால் இழுத்தார். வைத்த பிடியை எடுத்து வாயில் போட்டார். மெல்லத் தெரியாதவர் மாதிரி வெகுநேரம் மென்று விழுங்கினார். இரண்டாவது பிடியை எடுத்து மகளுக்கு நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். "நீங்களும் சாப்பிடுங் தம்பி" என்று என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். மகள் குண்டாவை இழுத்துவந்து அம்மாவின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று அவர் சொல்லவில்லை.